கேளுங்க சொல்றேன்: பத்து படம் இருக்கு, கதை எங்க?

போன இதழ்ல, "வரிசையா படம் வச்சு கதை சொல்றதைப் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க"ன்னு கீழ ஒரு வரி போட்டிருந்தோம், அவ்ளோதான், கேள்வி குவிஞ்சிடுச்சு. அதுல பாதி "என்ன கேமரா வாங்கலாம்"ங்கிற ரகம், அதையெல்லாம் ஒரே பதில்ல முடிச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. மிச்சத்துல இருந்து எடுத்தது இதெல்லாம்.

கேள்வி: வணக்கம் சார். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் வாட்ச் ரிப்பேர் பண்றவர். அவரை வச்சு ஒரு போட்டோ ஸ்டோரி பண்ணலாம்னு ஒரு வாரம் தினமும் போய் எடுத்தேன். தனித்தனியா பாத்தா எல்லா படமும் சூப்பர்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, ஆனா வரிசையா போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. 14 படம் அனுப்பியிருக்கேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க.

பதில்: பாத்தேங்க. தனித்தனியா நல்லா இருக்குன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்னது நிஜம்தான், சிக்கலே அங்கதான் இருக்கு. 14ல 9 படம் ஒரே படம். கண்ணுல லென்ஸ் மாட்டின முகம், கிட்டத்துல இருந்து, பின்னாடி இருட்டு. முதல் படத்துலயே "சரி, மனுஷன் கூர்ந்து வேலை பாக்குறவர்"னு புரிஞ்சு போச்சு, மிச்ச எட்டும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. பாக்குறவங்க மூணாவது படத்துலயே வேகமா தள்ள ஆரம்பிச்சிடுவாங்க.

ஒரு படம் ஒரு கேள்வியைக் கிளப்பணும், அடுத்த படம் அதுக்குப் பாதி பதில் சொல்லிட்டு இன்னொண்ணைக் கிளப்பிவிடணும், வரிசை ஓடுறது அதுலதான். உங்க 11வது படம் இருக்கே, திறந்து கிடக்குற வாட்ச், ட்வீசர் முனையில நகத்துல ஒட்டிக்கிட்டாக்கூடத் தெரியாத சைஸ்ல ஒரு ஸ்க்ரூ, அதுக்குப் பின்னாடி ஃபோகஸ் இல்லாம மங்கலா யாரோ ஒருத்தரோட முழங்கை மேஜை ஓரத்துல ஊனியிருக்கு பாருங்க, எனக்கு அந்த முழங்கைதான் வேணும். யாருது அது? வாட்ச் அவரோடதா, அவங்க அப்பாவோடதா? எவ்ளோ நேரமா நிக்கிறாரு? வாட்ச் ஓடுச்சா ஓடலையா? ஒரு வாரமும் நீங்க பெரியவர் முகத்தையே பாத்துட்டு நின்னுட்டீங்க, கதை உங்களுக்கு ரெண்டடி தள்ளி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்திருக்கு. திரும்பப் போங்க. காத்திருக்கிறவங்க முகம் ஒண்ணு எடுங்க. அந்த இடம் முழுசும் தெரியுற மாதிரி தூரத்துல இருந்து ஒண்ணு, இவ்ளோ பெரிய தெருவுல இவ்ளோ சின்ன மேஜையான்னு தோணணும். வாட்சைத் திருப்பிக் குடுக்குற நேரத்துல ரெண்டு பேர் கையும் ஒரே ஃபிரேம்ல வரணும். வேலை முடிஞ்சு லென்ஸைக் கழட்டினதும் கண்ணைச் சுத்தி ஒரு வளையம் பதிஞ்சிருக்கும், அதை எடுத்தீங்கன்னா அந்த ஒன்பது படத்துக்கும் வேலை இல்ல.

அமெரிக்காவோட லைஃப் பத்திரிகை பாணின்னு போட்டோ கிளாஸ்கள்ல இன்னைக்கும் ஒரு பட்டியல் சொல்லிக்குடுப்பாங்க: இடத்தைக் காட்டுற வைட், நடுத்தர தூரத்துல ஒண்ணு, க்ளோஸ்-அப், போட்ரெய்ட், ரெண்டு பேர் பழகுறது, ஒரு வேலை படிப்படியா நடக்குறது, மொத்தக் கதையையும் ஒத்தையா தாங்குற ஒரு படம், முடிவுப் படம். ஸ்பாட்டுக்குப் போய்ட்டு வர்றப்போ எதுவும் விட்டுப்போச்சான்னு சரிபாக்க இது உதவும், அதுக்கு மேல இதை நம்பாதீங்க. எட்டும் டிக் ஆகியும் உயிரே இல்லாத தொடர் ஏகப்பட்டது பாத்தாச்சு.

யூஜின் ஸ்மித்னு ஒரு போட்டோகிராபர் 1948ல லைஃபுக்காக கொலராடோ மலைப்பக்கம் கிரெம்லிங்னு ஒரு சின்ன ஊருக்குப் போனாரு, எர்னஸ்ட் செரியானின்னு ஒரு டாக்டர், சுத்துவட்டாரத்துக்கே அவர் ஒருத்தர்தான். ஸ்மித் அவர் கூடவே 23 நாள் சுத்தினாரு. ஆரம்பத்துல கேமராவுல ஃபிலிமே போடாம சும்மா க்ளிக் பண்ணிட்டே இருந்தாராம், டாக்டருக்கு அந்த சத்தம் பழகட்டும்னு. தொடரோட முதல் படத்துல டாக்டர் கையில பையோட புல் மண்டின வெளியில நடந்து வர்றாரு, மேல கருமேகம். கடைசிப் படத்துல ராத்திரி 2 மணி, ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரி சமையலறையில சாஞ்சு நிக்கிறாரு, ஒரு கையில காபி கப், சிகரெட், முகத்துல ஒண்ணுமே இல்ல. அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தனியா மாட்டினா யாரோ ஒரு களைச்ச ஆளு, அவ்ளோதான். நடுவுல வர்ற நோயாளிங்க, அடிபட்ட குழந்தை, கைகள், இதெல்லாம் பாத்துட்டு அங்க வந்து நிக்கும்போதுதான் அந்த மூஞ்சியில என்ன இருக்குன்னு நமக்கே தெரியுது. உங்க பெரியவர் கதையிலயும் பெஸ்ட் படம் எதுன்னு தேடாதீங்க, அதுக்கு முன்னாடி என்ன வரணும்னு தேடுங்க.

கேள்வி: என்ன கேமரா வாங்கினா போட்டோ ஸ்டோரி நல்லா வரும்? போன்ல பண்ண முடியுமா? (இதே கேள்வியை நிறைய பேர் கேட்டிருக்காங்க)

பதில்: போன் தாராளமா போதும். ஒரே ஒரு விஷயம்: ஒரு படம் 0.5ல, அடுத்தது 3எக்ஸ்ல, அடுத்தது போட்ரெய்ட் மோட்லன்னு மாத்தி மாத்தி எடுத்தா பத்து பேர் எடுத்த படத்தை ஒட்டின மாதிரி இருக்கும். முடிஞ்சவரை 1எக்ஸ்ல வச்சுட்டு காலால நடந்து கிட்டப் போங்க, தள்ளிப் போங்க. எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, லாக் பண்ணிக்கோங்க. ஃபில்டர் போடுறதா இருந்தா எல்லாத்துக்கும் ஒரே ஃபில்டர், போடாம இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி: பர்ஸ்ட் மோட்ல (ஒரே அழுத்துல படபடன்னு) எடுத்த பத்து படத்தை வரிசையா போட்டா அது போட்டோ ஸ்டோரி ஆகுமா? என் தங்கச்சி குளத்துல குதிக்கிறதை அப்படி எடுத்தேன், செமையா வந்திருக்கு.

பதில்: செமையாவே இருக்கட்டும், ஆனா அது ஒரு செயல், கதை இல்ல. 1878ல மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராபர் 12 கேமராவை வரிசையா வச்சு ஓடுற குதிரையைப் படம் பிடிச்சாரு, நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதான்னு பாக்க. எழும்புச்சு. கேள்விக்கு பதில் கிடைச்சுது, வேலை முடிஞ்சுது, அந்தக் குதிரை எங்க இருந்து வந்துச்சு எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. உங்க தங்கச்சி குதிக்கிறதுக்கு முன்னாடி கரையில நின்னு பயந்தாங்களா? யாராவது பின்னாடி இருந்து உசுப்பேத்துனாங்களா? குதிச்சு மேல வந்ததும் முதல்ல யாரைப் பாத்தாங்க? அந்தப் பத்துல ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு இந்த மூணையும் சேத்தா கதை வந்துடும். எடுக்கலையா, அடுத்த தடவை குதிக்கிறப்போ பாத்துக்கலாம், குதிக்கிற பிள்ளைங்க ஒரு தடவையோட நிறுத்தவா போறாங்க.

கேள்வி: படங்களை எந்த ஆர்டர்ல வைக்கிறதுன்னு தான் எனக்குப் பெரிய குழப்பம். எடுத்த நேரத்துப்படி வச்சா டைரி மாதிரி இருக்கு, இஷ்டத்துக்கு மாத்தினா பொய் சொல்ற மாதிரி இருக்கு. ப்ரொஃபஷனல்ஸ் எப்படி பண்றாங்க?

பதில்: நல்ல கேள்வி, இதுல கொஞ்ச நேரம் உக்காருவோம்.

நேர வரிசை அவசியமா இருக்குறது சம்பவக் கதைக்குத்தான். ஒரு ஆபரேஷன், ஒரு ஊர்வலம், ஒரு வெள்ளம், இதுல பின்னாடி நடந்ததை முன்னாடி வச்சா அர்த்தமே மாறிடும், அங்க கை வைக்காதீங்க. ஒரு ஆளைப் பத்தி, ஒரு இடத்தைப் பத்தி சொல்றீங்கன்னா கதையே வேற, திங்கக்கிழமை எடுத்தது வியாழக்கிழமை எடுத்ததுக்குப் பின்னாடி வந்தா யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்லல நீங்க. ஏன்னா அங்க நேரத்தைப் பத்தி நீங்க எதுவுமே சொல்லல.

ராபர்ட் ஃபிராங்க்னு ஒரு போட்டோகிராபர் 1955, 56ல அமெரிக்கா முழுக்க கார்ல சுத்தி 767 ரோல் ஃபிலிம் எடுத்தாரு, 27,000 ஃபிரேமுக்கு மேல. "தி அமெரிக்கன்ஸ்" புத்தகத்துல வந்தது 83. அதுல ஒரு இடம் இருக்கு, வரிசைன்னா என்னன்னு யாராவது கேட்டா நான் அதைத்தான் காட்டுவேன். ஒரு படத்துல ரெண்டு பனைமரத்துக்கு நடுவுல நிறுத்தி வச்சிருக்குற ஒரு கார், மேல பளபளன்னு துணி போட்டு மூடியிருக்கு, கலிபோர்னியா லாங் பீச்ல எடுத்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினா ரோட்டோரம் நாலு பேர் குளிர்ல நிக்கிறாங்க, அவங்க முன்னாடி தரையில கம்பளி போட்டு மூடியிருக்கு. கார் ஆக்சிடென்ட், அரிசோனாவுல. ரெண்டு படத்துக்கும் நடுவுல நூத்துக்கணக்கான கிலோமீட்டர், ஒண்ணுக்கொண்ணு எந்த சம்பந்தமும் கிடையாது. ரெண்டுலயும் ஏதோ ஒண்ணை மூடி வச்சிருக்காங்க, அது ஒண்ணுதான் பொது. முதல் படத்தைப் பாக்குறப்போ "யாரோ காரை எவ்ளோ பத்திரமா வச்சிருக்காங்க"ன்னு நினைச்சுட்டுத் திருப்புறோம், திருப்பினதும் வயித்துல ஒரு அடி விழுது. அந்த அடி முதல் படத்துலயும் இல்ல, ரெண்டாவதுலயும் இல்ல, நடுவுல பக்கம் திருப்புற இடத்துல இருக்கு. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லல.

சரி, இதை நம்ம எப்படி செய்யுறது? ஸ்க்ரீன்ல வச்சு செய்யாதீங்க, அதுல எப்பவும் ஒண்ணையோ இல்ல கட்டம் கட்டமா முப்பதையோதான் பாக்க முடியும். சின்ன சைஸ்ல பிரிண்ட் போட்டுத் தரையில பரப்புங்க. பெருசா செலவு பண்ண வேணாம், சாதா பேப்பர்ல ஒரு பக்கத்துக்கு எட்டுன்னு அடிச்சு வெட்டிக்கிட்டாலே போதும். ஃபிராங்க்கும் ஆயிரம் படம் போல பிரிண்ட் போட்டு சுவத்துல குத்தி தரையில பரப்பித்தான் குறைச்சுக்கிட்டே வந்தாரு. பரப்பிட்டு முதல்ல ஜோடி தேடுங்க, ஆரம்பம் முடிவு எல்லாம் அப்புறம். இந்தப் படத்துல ஒரு கை நீளுது, வேற எந்தப் படத்துலயாவது ஏதாவது அதை வாங்கிக்கிற மாதிரி இருக்கா? இதுல ஒருத்தர் வலது பக்கம் பாக்குறாரு, அவர் பாக்குறதுக்கு எதிர்ல எதை வைக்கலாம்? ஒரே சைஸ்ல ரெண்டு முகம் பக்கத்து பக்கத்துல வந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சிரும், நடுவுல காலியா ஒரு படம் வேணும், ஒரு ரூம், ஒரு வாசல், ஒரு செருப்பு. பாக்க டம்மியா இருக்குற படம் அங்கதான் உசத்தியாகும். லைக்குக்காக எடுக்கிறவங்க முதல்ல தூக்கிப் போடுறது இந்த டம்மி படங்களைத்தான், அப்புறம் வரிசை மூச்சு முட்டுதுன்னு நம்மகிட்ட வருவாங்க.

முதல் படத்துக்கு உங்ககிட்ட இருக்குறதுலயே பெஸ்ட்டைப் போடாதீங்க, ரெண்டாவது பெஸ்ட்டைப் போடுங்க. பெஸ்ட் எங்க வரணும்னு அதுவே சொல்லும், பெரும்பாலும் மூணுல ரெண்டு பங்கு தாண்டின இடத்துல. வரிசை முடிவானதும் கதையைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க, நீங்க வாயைத் திறக்கக்கூடாது, அது ரொம்ப கஷ்டம். அவங்க எந்த இடத்துல நிக்கிறாங்க, எந்த இடத்துல திரும்பிப் போய்ப் பாக்குறாங்கன்னு மட்டும் கவனிங்க.

கேள்வி: எத்தனை படம் இருக்கணும்?

பதில்: இன்ஸ்டாகிராம்ல 2024ல இருந்து ஒரே போஸ்ட்ல 20 படம் வரை போடலாம்னு ஆக்கிட்டாங்க, அதுக்காக 20ம் போடணும்னு யாரும் நம்மளைக் கட்டாயப்படுத்தல. முதல் முயற்சிக்கு 7ல இருந்து 10. ஒரு படத்தை எடுத்துட்டா கதையில ஓட்டை விழுதான்னு பாருங்க, விழலைன்னா எடுத்துடுங்க. மழையில நனைஞ்சு எடுத்தேன், மரத்துல ஏறி எடுத்தேன்னு நீங்க பட்ட கஷ்டமெல்லாம் படத்துல தெரியாதுங்க.

கேள்வி: கேப்ஷன் எழுதணுமா வேண்டாமா? "நல்ல படத்துக்கு வார்த்தையே தேவையில்ல"ன்னு எங்க போட்டோ கிளப்ல ஒரு சீனியர் அடிச்சுச் சொல்றாரு.

பதில்: சீனியர் மேல மரியாதை உண்டு, ஆனா அவர் சொல்றது ஒத்தைப் படத்துக்கு வேணா பொருந்தலாம். தொடருக்கு வார்த்தை தேவைப்படும், எவ்ளோ, எங்கங்கிறதுதான் பேச்சு. படத்துல தெரியுறதையே கேப்ஷன்ல எழுதாதீங்க. "ஜன்னல் ஓரம் யோசனையோடு ஒரு மூதாட்டி"ன்னு எழுதினா அது எனக்கே தெரியுதே. அவங்க பேரு, எந்த ஊரு, எந்த வருஷம், யாருக்காகக் காத்திருக்காங்க, இதுதான் படத்துக்குத் தெரியாதது. யோசனை, ஏக்கம், சோகம், இந்த வார்த்தைங்க வந்தாலே பேனாவை வச்சிடுங்க.

உண்மைக் கதைன்னு சொல்லிட்டு செஞ்சா கேப்ஷன் விளையாட்டு இல்ல. 2015ல வேர்ல்ட் பிரஸ் போட்டோங்கிற உலக அளவு செய்திப்படப் போட்டியில, பெல்ஜியத்துல சார்லராய்ங்கிற ஊரைப் பத்தின ஒரு தொடருக்கு முதல் பரிசு குடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டாங்க. அதுல ஒரு படம் சார்லராய்லயே எடுக்கலை, பிரசல்ஸ் பக்கம் எடுத்ததுன்னு தெரிஞ்சுது. பத்துல ஒரே ஒரு படம்தான், ஆனா தொடர்ல ஒண்ணு ஆடினா பக்கத்துல இருக்குற எல்லாம் சேந்துதான் ஆடும், மிச்ச ஒன்பதையும் இனிமே எப்படி நம்புறதுன்னு வந்துடும்ல.

கேள்வி: முக்கியமான ஒரு மொமென்ட் மிஸ் ஆயிடுச்சு. அவரையே திரும்ப ஒரு தடவை செய்யச் சொல்லி எடுத்துக்கலாமா? யாருக்குத் தெரியப்போகுது?

பதில்: உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், ரெண்டு பேர் ஆச்சு.

ஆவணமா செய்யுறீங்கன்னா கூடாது. அடுத்த தடவை தானா நடக்குற வரைக்கும் காத்திருங்க, தினமும் நடக்குற விஷயம்னா தினமும் நடக்கத்தானே போகுது. திரும்ப நடக்கவே நடக்காதுன்னா அந்த ஓட்டையோடயே கதையைச் சொல்லுங்க, அதுக்கு அப்புறம் என்ன மிச்சம் இருந்துச்சோ அதைக் காட்டுங்க. போட்ரெய்ட்டுக்காக "இப்படி உக்காருங்க"ன்னு சொல்றதுல தப்பில்ல, அது போட்ரெய்ட்னு பாத்தாலே தெரியும்.

மேல பெருமையா சொன்னேனே ஸ்மித், அவரே 1954ல ஆப்பிரிக்காவுல ஆஸ்பத்திரி நடத்தின டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பத்தி லைஃபுக்காக எடுத்த தொடர்ல, வேற நெகட்டிவ்ல இருந்து ஒரு கையையும் ரம்பத்தோட பிடியையும் எடுத்து ஒரு படத்தோட கீழ் மூலையில சேத்து பிரிண்ட் போட்டிருக்காரு. அந்தப் படம் அழகாத்தான் இருக்கு. ஆனா இப்ப அதைப் பாக்குறப்போ ஷ்வைட்சர் முகத்துக்கு முன்னாடி கண்ணு அந்த மூலைக்குத்தான் போகுது, எனக்கு அது பெரிய நஷ்டமாவே தோணும்.

இன்னொரு வழியும் இருக்கு, மொத்தத்தையும் கற்பனையாவே செய்யுறது. டுவேன் மைக்கல்ஸ்னு ஒரு போட்டோகிராபர் அதுல கெட்டிக்காரர், 1973ல ஒன்பது படத்துல ஒரு தொடர் பண்ணாரு. முதல்ல ஒரு சாதாரண பாத்ரூம். அடுத்ததுல அதே பாத்ரூம்ல ராட்சசக் கால் ஒண்ணு நிக்குது, அப்பதான் தெரியுது அது பொம்மை சைஸ் பாத்ரூம்னு. அப்புறம் பாத்தா அதெல்லாம் ஒரு புத்தகத்துல இருக்குற படம், புத்தகத்தை ஒருத்தர் படிச்சுக்கிட்டே நடக்குறாரு, அவர் ஒரு ஃபிரேம் போட்ட படத்துக்குள்ள இருக்காரு, அந்த ஃபிரேம் எங்க மாட்டியிருக்குன்னு பாத்தா முதல் பாத்ரூம்ல வாஷ்பேசினுக்கு மேல. தலை சுத்திடும். இதுல எல்லாமே செட் பண்ணதுதான், யாரையும் ஏமாத்தல, ஏன்னா நிஜம்னு அவர் சொல்லவே இல்லையே. நீங்களும் ஆளை நடிக்க வச்சுக் கதை பண்ணுங்க, பிரமாதமா பண்ணுங்க, இது கற்பனைன்னு மேல ஒரு வரி போட்டுடுங்க.

கேள்வி: வீட்டுல அம்மாவைப் பாத்துக்கணும், என்னால வெளிய எங்கயும் போக முடியாது. வீட்டுல எதுவும் நடக்குறதும் இல்ல. எனக்கெல்லாம் இது ஒத்துவருமா?

பதில்: உங்களுக்குத்தான் ரொம்ப ஒத்துவரும், சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. வெளியில இருந்து போற போட்டோகிராபர் எத்தனை நாள் கிடந்தாலும் அவருக்குக் கிடைக்காத ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, நீங்க அங்கயே இருக்கீங்க.

நிக்கோலஸ் நிக்சன்னு ஒருத்தர், 1975ல தன் மனைவியையும் அவங்களோட மூணு சகோதரிகளையும் நிக்க வச்சு ஒரு படம் எடுத்தாரு. அடுத்த வருஷம் இன்னொண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு 2022 வரைக்கும் போச்சு. எப்பவும் அதே நாலு பேர், இடமிருந்து வலமா அதே வரிசை. சம்பவம்னு எதுவுமே கிடையாது. ஆனா வரிசையா பாத்துட்டு வந்தீங்கன்னா யாரு யாரு மேல சாயுறாங்க, எந்த வருஷம் எந்தக் கை யாரோட தோளை இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு உங்க கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும். மாறாதது ஒண்ணு இருக்குறதாலதான் மாறுறது தெரியுது.

அதனால நீங்க ஒண்ணை மாத்தாம வைங்க. அம்மா உக்காருற நாற்காலியை, தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல நின்னு எடுங்க. அம்மா அதுல இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. துண்டு தொங்குதா, கண்ணாடி வச்சிருக்கா, மாத்திரை டப்பா பக்கத்துக்கு வந்துடுச்சா, வெயில் கால் வரைக்கும் வந்துச்சா, எல்லாம் அதுல விழும். ரெண்டு மாசம் கழிச்சுப் பரப்பிப் பாருங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.

கேள்வி: எங்க பாட்டி ஆஸ்பத்திரியில இருந்த நாட்களை முழுசா எடுத்திருக்கேன். ரொம்ப உண்மையான படங்க. பப்ளிஷ் பண்ணலாம்னு பாத்தா சித்தி கூடாதுங்கிறாங்க. கலைன்னா கொஞ்சம் சங்கடம் இருக்கத்தானே செய்யும்?

பதில்: சங்கடம் யாருக்குங்கிறதுதான் கேள்வி. உங்களுக்குன்னா தாராளமா படுங்க.

1936ல கலிபோர்னியாவுல பட்டாணி பறிக்கிற கூலிங்க முகாம்ல டோரத்தியா லாங்கேன்னு ஒரு போட்டோகிராபர் ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தாங்க. தூரத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போய் ஒரு சில படம், அதுல கடைசியா நெருக்கமா எடுத்த ஒண்ணு உலகமே பாத்த படம். பேரைக் கேக்கலைன்னு லாங்கேவே பின்னாடி எழுதியிருக்காங்க. அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் தாம்சன்னு 1978லதான் வெளிய தெரிஞ்சுது, 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் படத்தால தனக்கு ஒரு காசு கூட வரலைன்னு அவங்க வருத்தமாத்தான் பேசினாங்க. படம் நல்லதுக்குத்தான் போச்சு, முகாமுக்கு சாப்பாடு வந்துச்சு, ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள அவங்க குடும்பம் அங்கிருந்து கிளம்பிப் போயிருந்துச்சு. ரெண்டும் நிஜம்தான், ஒண்ணு இன்னொண்ணை ரத்து பண்ணாது.

பாட்டிகிட்ட கேக்க முடியுற நிலைமையில இருந்தா பாட்டிகிட்ட கேளுங்க, படத்தைக் கையில குடுத்துக் காட்டிக் கேளுங்க. முடியாதுன்னா சித்தியை உக்கார வச்சு ஒண்ணு ஒண்ணா காட்டுங்க, "எதெல்லாம் வேணாம்"னு அவங்களையே எடுக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் முகமும் உடம்பும் இருக்குற படத்தைத்தான் எடுப்பாங்க. மிச்சம் இருக்குற கட்டில் ஓரம், செருப்பு, ஃபிளாஸ்க், சித்தியோட கை, இதை வச்சு வரிசை போட்டுப் பாருங்க. முன்னாடி இருந்ததை விட நல்லா வந்துச்சுன்னா ஆச்சரியப்படாதீங்க.

கேள்வி: ஏஐகிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல பத்து படக் கதை குடுக்குது. இனிமே எதுக்கு அலையணும்?

பதில்: அலைய வேணாம்னா அலையாதீங்க, ஏஐ படம்னு மேல எழுதிட்டுப் போடுங்க, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. வாட்ச் ரிப்பேர் பண்ற முதியவர்னு கேட்டா லென்ஸ் மாட்டின முகத்தை அதுவும் ஒன்பது தடவை குடுக்கும். அந்த முழங்கையை நீங்க கேக்கணும், அது அங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாதே.

கேள்வி: பிளாக் அண்ட் வைட்ல போட்டா கதைக்கு ஒரு கனம் வந்துடுதே, அது ஏன்?

பதில்: பழைய பெரிய தொடர்களையெல்லாம் நம்ம அப்படியே பாத்துப் பழகினதால. கலர் கதைக்கு உதவாம கண்ணை இழுக்குதுன்னா கலரை எடுத்துடுங்க. படம் சுமாரா இருக்குன்னு கலரை எடுத்தா, சுமாரான படம் பிளாக் அண்ட் வைட்ல வரும்.

கேள்வி: ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷனை இடிச்சுட்டுப் புதுசா கட்டுறாங்க. ரெண்டு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்கேன். எப்ப நிறுத்துறதுன்னே தெரியல, ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதோ கிடைக்குது.

பதில்: திரும்பவும் ஸ்மித்துக்கிட்டதான் போகணும். 1955ல பிட்ஸ்பர்க் நகரத்தைப் பத்தி ஒரு புத்தகத்துக்கு 100 படம் வேணும்னு கூப்பிட்டாங்க, மூணு வாரத்து வேலை. மனுஷன் மாசக்கணக்கா அங்கயே தங்கி பத்தாயிரத்துக்கு மேல நெகட்டிவ் சேத்துட்டாரு, அப்புறம் வருஷக்கணக்கா அதை வரிசைப்படுத்திக்கிட்டே இருந்தாரு. அவர் நினைச்ச மாதிரி முழுசா ஒரு புத்தகமா அவர் காலத்துல அது வரவே இல்ல. எடுக்கிறதுல அவருக்கு மேல யாரும் இல்ல, ஆனா எல்லாத்தையும் சொல்லணும்னு நின்னா எதையும் வெளிய விட முடியல.

நீங்க இப்பவே இருக்குறதைப் பரப்புங்க, முடிஞ்சதும்னு தள்ளிப்போடாதீங்க. பரப்பினா ஓட்டை தெரியும்: டிக்கெட் கவுண்டர்ல வேலை பாத்தவங்க எங்க போனாங்க, பழைய பெஞ்சு என்ன ஆச்சு, ராத்திரிப் படம் ஒண்ணு கூட இல்லையேன்னு. அந்த லிஸ்ட்டை எழுதிக்கிட்டு அதுக்கு மட்டும் போங்க. போய் புதுசா எடுத்துட்டு வந்த படம் எதுவும் பழைய வரிசையில இருந்து ஒரு படத்தைக் கூட வெளிய தள்ளலைன்னு தொடர்ந்து நடந்துச்சுன்னா முடிச்சிடலாம். அப்புறம் திறப்பு விழா ரிப்பன் வெட்டுறதைக் கடைசிப் படமா வச்சிடாதீங்க, அதை எல்லா பேப்பர்காரங்களும் எடுத்திருப்பாங்க. திறந்து ஒரு வாரம் கழிச்சுப் போங்க, பழைய வாசல் இருந்த பக்கமா பழக்க தோஷத்துல நடந்து வந்து சுவத்துக்கு முன்னாடி நின்னு முழிக்கிற பயணிங்க கண்டிப்பா இருப்பாங்க, அவங்களை எடுங்க.